பூனைத் தட்டுக்கு வாங்கிய மரக்குச்சி பசையே இல்லாமல் எப்படிக் கெட்டியாக நிற்கிறது?

ஈசூன் மல்லி (சனி, இரவு 9.12)

வணக்கம். 2024 செப்டம்பரில் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்ததும் எங்கள் இரண்டு பூனைகளுக்கும் உரிமம் எடுத்துவிட்டோம். இதுவரை கழிவுத் தட்டில் களிமண் மணல்தான் போட்டோம். தூசி பறந்து மகனுக்கு ஓயாத தும்மல். போன வாரம் கடைக்காரர் மரக்குச்சி மூட்டை ஒன்றைக் கொடுத்தார். பென்சில் கனம், விரல் கணு நீளம், மேலே மெருகு போட்ட மாதிரி பளபளப்பு. பையில் "முழுக்கப் பைன் மரம், பசை சேர்க்கப்படவில்லை" என்று போட்டிருக்கிறது.

ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தேன், 'டக்' என்று முறிகிறது. ஆனால் தண்ணீர் பட்டால் ஐந்து நிமிடத்தில் ஊதி, வெறும் மரத்தூளாக உதிர்ந்துவிடுகிறது. பசை இல்லாமல் மரத்தூள் எப்படி இவ்வளவு கெட்டியாகும்? பூனை அந்தத் தட்டில் நடந்துவிட்டுக் காலை நக்குகிறது. அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர் (சனி, இரவு 10.35)

பையில் போட்டிருப்பது நடக்கக்கூடியதுதான், மல்லி. இந்தக் குச்சிக்குத்தான் பெல்லட் என்று பெயர். மலேசியாவின் ஜோகூரில் ஒரு பெல்லட் ஆலையில் 11 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தேன். விடியற்காலையில் பாலம் தாண்டிப் போய் இரவு திரும்புவேன். அங்கே எங்கள் சரக்கு ரப்பர் மரத்தூள். மூவார் பக்கம் மரச்சாமான் தொழிற்சாலைகள் நிறைய, அங்கிருந்து லாரி லாரியாக வரும்.

வந்ததும் முதலில் சல்லடை. கல், துணி, பிளாஸ்டிக், பெரிய கட்டை எல்லாம் அங்கே பிரியும். அடுத்து காந்தம், ஆணியைப் பிடிக்க. அப்புறம் டிரையர். அது ஒரு பெரிய இரும்பு உருளை, படுத்த வாக்கில் மெதுவாகச் சுற்றும், உள்ளே சூடான காற்று ஓடும். பச்சை மரத்தூளில் பாதி எடை தண்ணீர். மறுமுனையில் அது வெளியே வரும்போது 10, 12 விழுக்காடுதான் ஈரம் இருக்க வேண்டும். பிறகு ஹேமர் மில். சுத்தியல் பட்டைகள் சுழன்று அடித்து எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தூளாக்கும். ஒரு துணுக்கு நீளமாக இருந்தாலும் பெல்லட் அந்த இடத்தில் முறியும்.

கடைசியாகத்தான் பெல்லட் மெஷின். கனமான எஃகு வளையம் ஒன்று, அதன் உடம்பு முழுக்க 6 அல்லது 8 மில்லிமீட்டர் துளைகள். இதை ரிங் டை என்போம். வளையத்துக்குள்ளே ரோலர்கள் உருளும். ரோலருக்கும் டைக்கும் நடுவில் தாள் கனத்துக்குத்தான் இடைவெளி. தூள் அந்த இடுக்கில் நசுங்கித் துளைக்குள் போகும். அடுத்த நசுக்கல் அதன் மேல் விழும், அதற்கடுத்தது அதன் மேல். துளைச் சுவரோடு உராய்ந்து உராய்ந்து சூடு ஏறி 100 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். வெளியே நீட்டிக்கொண்டு வரும் குச்சியைக் கத்தி வெட்டிவிடும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டையிலிருந்து வந்த நிமிடத்தில் பெல்லட்டை எடுத்தால் கை சுடும். மெத்தென்று இருக்கும், அழுத்தினால் பிதுங்கும். அதை அப்படியே மூட்டையில் போட்டால் தூளாகிவிடும். கூலருக்குள் மெதுவாகக் குளிர்ந்து வெளியே வந்த பிறகுதான் நீ சொன்ன 'டக்' வரும். மரத்துக்குள்ளேயே ஒரு பசை இருக்கிறது. சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும். வெளியிலிருந்து எதுவும் வேண்டியதில்லை. ஒட்டாத மரமாக இருந்தால் சில ஆலைகள் கொஞ்சம் மாவு சேர்ப்பார்கள், சோளமாவு மாதிரி. ஐரோப்பியத் தர விதியில் அதற்கு 2 விழுக்காடு வரை இடம் உண்டு. அதுவும் தின்னும் பொருள்தான்.

ஈசூன் மல்லி (சனி, இரவு 10.51)

ரொம்ப நன்றி அண்ணே. முறுக்கு அச்சில் மாவு பிழிவது மாதிரிதான் போல. ஈரம் விஷயம் புட்டு மாவு பக்குவமா? பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்?

பழைய ஃபிட்டர் (சனி, இரவு 11.04)

அச்சு உவமை சரி. புட்டு உவமை நேர் எதிர். மரத்தூளைக் கையில் பிடித்து, அது உருண்டையாக நின்றால் மெஷினுக்குள் விடவே கூடாது, ஈரம் மிக அதிகம். கையைத் திறந்ததும் கலைந்து விழ வேண்டும். அதே சமயம் சருகு மாதிரி காய்ந்து பறக்கவும் கூடாது.

ஈரம் அதிகமானால் என்ன நடக்கும் தெரியுமா? துளைக்குள் இருக்கும்வரை அழுத்தம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். வெளியே வந்த அடுத்த நொடி அது ஆவியாகி வெடித்துக் கிளம்பும். பெல்லட் குறுக்கே கீறிக்கொண்டு, ஊதிப்போய், தொட்டால் பொடியும். ஈரம் குறைந்தால் உராய்வு எகிறி டை அடைத்துக்கொள்ளும், தூள் கருகும், மோட்டார் முனகும். அடைத்த துளைகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்த இரவுகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வேதியியல் டீச்சர் (ஞாயிறு, காலை 7.40)

அண்ணன் சொன்ன "மரத்துக்குள் இருக்கும் பசை"க்கு லிக்னின் என்று பெயர். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அது. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் கொஞ்சம் கூடுதல். செல்லுலோஸ் நார்களைச் சேர்த்துப் பிடித்து மரத்தை நிமிர்ந்து நிற்கவைப்பது அதுதான். கட்டடத்தில் செல்லுலோஸ் கம்பி என்றால் லிக்னின் சிமெண்ட்.

ஈரம் ஏன் கொஞ்சம் வேண்டும் என்பதற்கு இதில்தான் விடை. நன்றாகக் காய்ந்த லிக்னின் இளக 100 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்தால் இளகும் வெப்பநிலை கீழே இறங்கிவிடும். 10 விழுக்காடு ஈரத்தில் அது டைக்குள் உராய்வில் பிறக்கும் சூட்டுக்கு எட்டும் அளவுக்கு வந்துவிடுகிறது. சில ஆலைகளில் டைக்கு முன்னால் தூளின் மேல் நீராவி விடுவதும் இதற்காகத்தான்.

தண்ணீரில் ஏன் உதிர்கிறது என்றும் மல்லி கேட்டிருந்தார். லிக்னின் கரைவதில்லை. நார்கள் தண்ணீரைக் குடித்து வீங்குகின்றன. அந்த வீக்கம் ஒட்டிய இடங்களைப் பிரித்துத் தள்ளிவிடுகிறது. உருகி இறுகியது கண்ணாடி மாதிரித் தொடர்ச்சியான படலம் அல்ல, அங்கங்கே ஒட்டிய புள்ளிகள்தான்.

வீட்டில் ஒரு சோதனை: டம்ளர் தண்ணீரில் ஒரு பெல்லட்டைப் போடுங்கள். நன்றாக இறுகியது உடனே மூழ்கும். மரம் மிதக்கும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம், ஆனால் உள்ளே இருந்த காற்றிடத்தை எல்லாம் நசுக்கிவிட்டதால் இது தண்ணீரைவிட அடர்த்தி.

ஈசூன் மல்லி (ஞாயிறு, காலை 8.15)

போட்டேன். மூழ்கியது! மகன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒன்றுகூட மிதக்கவில்லை.

காடுட் பலகைக்கடை (ஞாயிறு, பகல் 1.20)

இழையை வேறு பக்கம் இழுப்பதற்கு மன்னிக்கவும். சுங்கை காடுட்டில் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு, பெல்லட் இல்லை) பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறோம், அப்பா காலத்திலிருந்து. உடைந்த பேலட் மலை மாதிரி சேர்கிறது. அதை எடுத்துப் போக மாதாமாதம் பணம் கட்டுகிறோம். சீனாவிலிருந்து சின்ன பெல்லட் மெஷின் ஒன்று வாங்கினால் கழிவே காசாகும் என்று ஆறு மாதமாக மண்டைக்குள் ஓடுகிறது. விளம்பரத்தில் பார்த்தால் ஒரு பக்கம் தூளைக் கொட்டுகிறார்கள், மறுபக்கம் பெல்லட் கொட்டுகிறது. அண்ணே, நீங்கள் உள்ளே இருந்து பார்த்தவர். செய்யலாமா?

பழைய ஃபிட்டர் (ஞாயிறு, பகல் 3.48)

தம்பி, அந்த விளம்பரத்தில் காட்டாதது ஒன்று இருக்கிறது. கொட்டுகிறார்களே அந்தத் தூள், அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? பெல்லட் ஆலையில் பெல்லட் மெஷின் கடைசி மூலையில் நிற்கும். இடம், பணம், எரிபொருள், தலைவலி எல்லாம் அதற்கு முன்னாலேயே செலவாகிவிடும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு டன் பெல்லட்டில் 10 விழுக்காடு ஈரம் என்றால் அதில் 900 கிலோ காய்ந்த மரம். பாதிக்குப் பாதி ஈரமான பச்சைத் தூளிலிருந்து 900 கிலோ காய்ந்த மரம் வேண்டுமென்றால் 1,800 கிலோ தூள் வாங்க வேண்டும். மீதி 800 கிலோ தண்ணீர். ஒரு டன் பெல்லட் விற்க 800 கிலோ தண்ணீரை ஆவியாக்குகிறோம். டிரையரில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் ஒரு கிலோ தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் சூடு, அதாவது ஒரு கிலோவாட் மணி, ஆகும். ஒரு டன் பெல்லட்டை எரித்தால் கிடைப்பதே 4,700 யூனிட் சுமார்தான். அப்படியானால் ஆறில் ஒரு பங்கு சக்தி தண்ணீரை விரட்டவே போய்விடுகிறது. எங்கள் ஆலையில் மரப்பட்டையையும் ஓரக் கழிவையும் எரித்துத்தான் டிரையருக்குச் சூடு கொடுத்தோம். மின்சாரத்தில் உலர்த்தினால் கடையை மூட வேண்டியதுதான்.

அப்புறம் டை. புது டையை அப்படியே ஓட்ட முடியாது. மரத்தூளோடு எண்ணெயும் நுண்மணலும் கலந்து மணிக்கணக்கில் ஓட்டித் துளைச் சுவரை வழவழப்பாக்க வேண்டும். வேலை முடிந்து நிறுத்தும்போது எண்ணெய் கலந்த தூளை விட்டுத் துளைகளை நிரப்பிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் மரம் இரவில் கல்லாகி, காலையில் ரோலர் அசையாது. மரம் மாறினால் துளையின் ஆழமும் மாற வேண்டும். பைனுக்கு ஓடிய டையில் கடின மரத்தை விட்டால் அடைத்துக்கொள்ளும். உன் பேலட் மலையில் எத்தனை நாட்டு மரம் கலந்து கிடக்கிறது?

காடுட் பலகைக்கடை (ஞாயிறு, மாலை 5.02)

மரக் கலப்பு பற்றிச் சொன்னது புரிகிறது. ஆனால் உலர்த்தும் கணக்கு எனக்குப் பொருந்தாது அண்ணே. பேலட் பச்சை மரம் இல்லை. ஏற்றுமதிப் பேலட் எல்லாம் சூடு காட்டிய மரம், "எச்டி" முத்திரை குத்தியிருக்கும். மர நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது உலக விதி. அதில் ஏது பாதிக்குப் பாதி தண்ணீர்?

பழைய ஃபிட்டர் (ஞாயிறு, மாலை 6.30)

நீ சொல்வது சரி, நான் பச்சை மரக் கணக்கை உன் தலையில் வைத்துவிட்டேன். திருத்திச் சொல்கிறேன். அந்த 56 டிகிரி பூச்சியைக் கொல்வதற்கு, உலர்த்துவதற்கு அல்ல. அவ்வளவு சூட்டிலும் மரம் ஈரமாகவே வெளியே வரலாம். ஆனால் வருடக்கணக்கில் கிடங்கில் உழைத்த பேலட் தானாகவே காய்ந்திருக்கும். நம் ஊர்க் காற்றில் 18 விழுக்காடு என்று வைத்துக்கொள். அப்போது ஒரு டன் பெல்லட்டுக்கு 1,100 கிலோ மரம் போதும், விரட்ட வேண்டிய தண்ணீர் 100 கிலோ. எட்டில் ஒரு பங்கு வேலை. இது பெரிய வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மலை கூரைக்குக் கீழே இருக்கிறதா, வெட்டவெளியிலா? டிசம்பர் மழை ஒரு வாரம் அடித்தால் 18 எங்கே நிற்கும்?

காடுட் பலகைக்கடை (ஞாயிறு, மாலை 6.41)

வெட்டவெளிதான்.

துவாஸ் ஷிப்டு (ஞாயிறு, இரவு 11.50)

இரவு வேலைக்கு வந்த இடத்தில் படித்தேன். நான் எரிக்கிற பக்கத்து ஆள். பாய்லர். எந்த கம்பெனி என்று வேண்டாம். எங்களுக்கு வருவது பெல்லட் இல்லை, மரச் சில்லும் செம்பனைக் கொட்டை ஓடும்தான்.

தம்பி, சிங்கப்பூருக்குள் மரத்தைப் பெல்லட் ஆக்க வேண்டிய காரணத்தை முதலில் யோசியுங்கள். பெல்லட் பிறந்தது தூரத்துக்காக. மரச் சில்லு ஒரு கனமீட்டர் 250 கிலோ சுமார் வரும், பெல்லட் 650 வரும். கப்பலில் ஏற்றிக் கடல் கடக்க வேண்டுமென்றால் அது காசு. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் ஏற்றுமதி செய்வது வியட்நாம். அது பெரும்பாலும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும்தான் போகிறது. சுங்கை காடுட்டிலிருந்து துவாஸுக்கு லாரியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்துக்கு அரைத்துச் சில்லாகக் கொண்டுவந்தால் போதும். ஜூரோங் தீவில் தெம்புசு நிலையம் நிலக்கரியோடு உயிர்மப் பொருளையும் சேர்த்து எரிக்கிறது. கரையோரப் பூந்தோட்டத்தில் வெட்டிய மரக்கிளைகளை எரித்துத்தான் அந்தக் கண்ணாடிக் குடில்களைக் குளிர்விக்க உதவுகிறார்கள். அங்கும் பெல்லட் கிடையாது. சில்லு போதுமான இடத்தில் பெல்லட் செய்வது சோற்றை அரைத்து மாத்திரையாக்குவது மாதிரி.

இரண்டாவது, பேலட் மரத்தோடு கூட வருபவை. ஆணி தெரியும். சாயம், ஒட்டுப்பலகைத் துண்டு, மேலே கொட்டிய எண்ணெய், எதையோ ஏற்றிய இரசாயனப் பீப்பாயின் கறை, இவை கண்ணுக்குத் தப்பும். "எம்பி" முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைத் தனியே ஒதுக்குங்கள். ஒட்டுப்பலகைப் பசையில் நைட்ரஜன் இருக்கும், அது புகையில் நைட்ரஜன் ஆக்சைடாக வரும். மண் ஒட்டிய மரம் வந்தால் சாம்பல் உருகிக் கட்டிப் பிடிக்கும். பாய்லர் வாயைக் கடப்பாரையால் உடைத்த ஷிப்டுகள் உண்டு. முதல் தரப் பெல்லட்டுக்கு ஐரோப்பியர்கள் கேட்கும் சாம்பல் 0.7 விழுக்காட்டுக்குள். மரப்பட்டை கலந்தாலே அது தாண்டிவிடும், மண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வனமகள் (திங்கள், காலை 6.55)

இதைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கழிவு மரத்தூளைப் பற்றிப் பேசும்வரை எல்லாம் நல்லதுதான். ஆனால் அமெரிக்கத் தென்கிழக்கில் முழு மரங்களையே வெட்டிப் பெல்லட் ஆக்கி, அட்லாண்டிக் கடந்து இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் உள்ள டிராக்ஸ் மின்நிலையத்தில் எரிக்கிறார்கள். எரிக்கும் நாட்டின் கணக்கில் சிம்னியில் வரும் கரியமில வாயு பூஜ்யம். வெட்டிய காட்டின் கணக்கில்தான் அது எழுதப்பட வேண்டும். மரம் வளர்ந்து திரும்ப அந்தக் கரியை இழுக்கப் பத்தாண்டுகள் கணக்கில் ஆகும், எரிப்பது ஒரு நொடி. பெல்லட் என்றதும் பசுமை என்று சொல்லிவிடுகிறார்கள். எந்த மரத்திலிருந்து என்ற கேள்வியை நாம் கேட்காவிட்டால் யார் கேட்பது?

பழைய ஃபிட்டர் (திங்கள், காலை 9.10)

நியாயமான கேள்வி அம்மா. நான் வேலை பார்த்த இடத்தில் அறுத்து மிஞ்சியதுதான் வந்தது. அது இல்லாவிட்டால் திறந்த வெளியில் கொளுத்தியிருப்பார்கள், அல்லது குவிந்து அழுகியிருக்கும். ஆனால் ஆலை பெரிதாகப் பெரிதாக மரத்தூள் போதாமல் போகும், அப்போது கட்டையைத் தேடுவார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் நான்கு வருடம் கட்டை அரைக்கும் மெஷினே எங்களிடம் இல்லை. ஐந்தாம் வருடம் வாங்கினார்கள்.

வேதியியல் டீச்சர் (திங்கள், பகல் 12.20)

செம்பனைக் காய்க்குலைக் கழிவைப் பெல்லட் ஆக்குவது பற்றி யாராவது சொல்வீர்களா? மலேசியாவில் அது குவிகிறதே.

துவாஸ் ஷிப்டு (திங்கள், பகல் 2.05)

முயல்கிறார்கள் டீச்சர். பழம் பிரித்த வெற்றுக் குலை பஞ்சு மாதிரி, ஆலையில் நீராவி வாங்கி வருவதால் மரத்தூளைவிட ஈரம் அதிகம். நார் நீளமாக இருப்பதால் ஹேமர் மில்லில் சுற்றிக்கொள்ளும். பொட்டாசியமும் குளோரினும் உண்டு, இரண்டும் பாய்லர் குழாய்க்கு விரோதி. கொட்டை ஓடு அப்படியில்லை, இயற்கையாகவே கெட்டி, பெல்லட் ஆக்காமலே விற்கலாம். அதனால்தான் எங்களுக்கு ஓடு வருகிறது, குலை வருவதில்லை.

இன்னொன்று எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து மனதில் இருக்கிறது. யாரும் பாதுகாப்பைத் தொடவில்லை.

2021 பிப்ரவரி துவாஸ் வெடிப்பு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். முதலில் வெடித்தது எண்ணெய்ச் சூட்டில் ஓடிய கலவை இயந்திரம். அதற்கடுத்து அங்கே பரவிக் கிடந்த உருளைக்கிழங்கு மாவு தீப்பற்றிப் பாய்ந்தது. மாவு! சமையலறையில் இருக்கும் மாவு. மரத்தூளும் அதே இனம். காய்ந்த நுண்தூள் காற்றில் மிதந்து, அடைத்த இடமாக இருந்து, ஒரு பொறி கிடைத்தால் போதும். பெல்லட் வேலையில் ஹேமர் மில்லுக்குள் ஒரு ஆணி போனால் பொறி. பேரிங் காய்ந்து சூடேறினால் பொறி. விட்டத்தின் மேலும் கேபிள் தட்டின் மேலும் படிந்திருக்கும் தூசிதான் இரண்டாவது வெடிப்புக்கு எரிபொருள். முதல் அதிர்ச்சியில் அது கீழே கொட்டும், பிறகு மொத்தக் கொட்டகையும் போகும். தம்பி, உங்கள் கடையில் ஒரே கூரைக்குக் கீழே வெல்டிங்கும் நடக்கிறது என்றால் பெல்லட் மெஷினை அங்கே கொண்டுவரவே வேண்டாம்.

பெல்லட் செய்து முடித்த பிறகும் ஆபத்து தீராது. குவியலாகக் கிடக்கும்போது மரத்தில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. அறைக்குள் இருக்கும் ஆக்சிஜனும் குறையும். 2006 நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில் பெல்லட் இறக்கிய கப்பலில் சரக்கறையை ஒட்டிய படிக்கட்டு வழியாக இறங்கிய மாலுமி ஒருவர் இறந்துபோனார். அவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் பாதிக்கப்பட்டார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இந்த இழையைப் படித்தால் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: பெல்லட் ஏற்றிய சரக்கறையிலும் சரி, அதை ஒட்டிய அறையிலும் சரி, காற்றைச் சோதித்துச் சீட்டு கொடுக்காமல் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள்.

பெல்லட் சேமிக்கும் உயரமான தொட்டியில், அதாவது சைலோவில், தானாகச் சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. தண்ணீர் ஊற்றி அணைக்க நினைப்பார்கள். மல்லி அக்கா டம்ளரில் பார்த்தது சைலோவுக்குள் நடந்தால்? பெல்லட் ஊதி வீங்கிச் சுவரையே பிளக்கலாம், கட்டியாகி வெளியே எடுக்க முடியாமலும் போகும். அடியிலிருந்து நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றுவதுதான் முறை.

ஈசூன் மல்லி (திங்கள், மாலை 7.33)

படித்ததும் பயந்துவிட்டேன். நான் மூன்று மூட்டையை வீட்டுப் புகலிடத்துக்குள், அந்த இரும்புக் கதவு போட்ட அறையில், அடுக்கி வைத்திருக்கிறேன். எடுத்துவிடவா?

துவாஸ் ஷிப்டு (திங்கள், மாலை 8.10)

பயப்படாதீர்கள் அக்கா. நான் சொன்னது டன் கணக்கில், காற்றோட்டமே இல்லாத இடத்தில் நடந்தது. மூன்று மூட்டையால் அப்படி ஆகாது. ஆனாலும் வெளியே எடுத்து வைத்தால் உங்களுக்கும் நிம்மதி, காற்றோட்டமும் கிடைக்கும். இடம் இல்லையென்றால் கதவைத் திறந்தே வையுங்கள்.

பழைய ஃபிட்டர் (திங்கள், மாலை 8.25)

அதோடு, திறந்த மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிவை மல்லி. நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும், அடியில் தூள் சேரும். அப்புறம் மகனுக்கு மறுபடியும் தும்மல்.

காடுட் பலகைக்கடை (செவ்வாய், இரவு 10.15)

இரண்டு நாளாக யோசித்தேன். அப்பாவிடமும் பேசினேன். வெல்டிங் எங்கள் கொட்டகையில்தான் நடக்கிறது. பழைய பேலட்டைப் பெல்லட் ஆக்கும் யோசனையை விட்டுவிட்டேன். அதைச் சில்லாக அரைப்பவரிடமே கொடுக்கிறோம். ஆனால் அதற்கு முன் ஆணி பிடுங்கி, ஒட்டுப்பலகையைத் தனியே பிரித்துக் கொடுத்தால் எடுத்துப்போகும் கட்டணத்தைக் குறைப்பாரா என்று கேட்கப் போகிறேன்.

ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது வேறொன்று உறைத்தது. பழுதுபார்ப்பதோடு புதுப் பேலட்டும் செய்கிறோம். புதிய பைன் பலகை, சூளையில் உலர்த்தி வருவது. அதை அறுக்கும்போது விழும் தூளை மட்டும் தனிப் பையில் பிடிக்கிறோம். சாயம் இல்லை, ஆணி இல்லை, ஒரே மரம், கூரைக்குக் கீழே இருக்கிறது. வாரத்துக்கு ஏழெட்டு பெரிய பை. இத்தனை நாள் அதையும் பேலட் குப்பையோடு சேர்த்துப் பணம் கொடுத்து அனுப்பினோம். எரிப்பதற்கு இல்லை, மல்லி அக்கா வாங்குகிற மாதிரி பூனைத் தட்டுக்கு. இதற்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணே?

பழைய ஃபிட்டர் (செவ்வாய், இரவு 11.02)

இது பேச்சு! ஏழெட்டுப் பைக்கு ரிங் டை வேண்டாம், தட்டையான டை போட்ட சின்ன மெஷின் போதும். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் ஈரம் பார். சமையல் ஓவன் இருக்கிறதா? தூளில் 100 கிராம் எடு, அகலத் தட்டில் பரப்பு, 105 டிகிரியில் வை. மணிக்கொரு முறை எடுத்து நிறு. இரண்டு முறை அடுத்தடுத்து அதே எடை காட்டினால் நிறுத்து. குறைந்த கிராம்தான் ஈர விழுக்காடு. பக்கத்திலேயே நில், ஓவனை விட்டு நகராதே. மரத்தூள் அது.

வெவ்வேறு நாள் பிடித்த மூன்று பையிலிருந்து எடுத்துப் பார். மூன்றும் ஒரே மாதிரி வந்தால்தான் மேலே பேசலாம்.

ஈசூன் மல்லி (புதன், காலை 7.20)

தம்பி, செய்தால் சொல்லுங்கள். எந்த மரம், எங்கே அறுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிற மூட்டையாக இருந்தால் நான் அதைத்தான் வாங்குவேன்.

காடுட் பலகைக்கடை (வியாழன், இரவு 9.48)

செய்து பார்த்துவிட்டேன் அண்ணே. மூன்று பை. 100 கிராம் வைத்ததில் கடைசியாக நின்றது 87, 86, 81. மூன்றாவது பை ரோலர் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, போன வாரம் சாரல் அடித்தது.

பழைய ஃபிட்டர் (வியாழன், இரவு 10.06)

13, 14, 19. முதல் இரண்டையும் ஃபேன் காற்றில் ஒரு நாள் பரப்பினால் வழிக்கு வரும். மூன்றாவது பை இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிராஞ்சி எம்ஆர்டியில் வந்து இறங்குகிறேன், கூட்டிப்போ. வெல்டிங் நடக்கும் இடத்துக்கும் தூள் பைக்கும் நடுவில் எத்தனை அடி என்று முதலில் பார்க்க வேண்டும். மெஷின் பேச்சு அதற்கப்புறம்.